உயர்திரு திட்டம் அவர்களுக்கு வேலை போனவன் எழுதுவது

அனுப்புநர்:
போன மாதம்வரை ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தவன்.

பெறுநர்:
உயர்திரு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா அவர்கள்,
இ.எஸ்.ஐ. கழகம்.

பொருள்: வேலை போனதற்கு உதவித்தொகை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தாங்கள் 2018 ஜூலை 1 அன்று சோதனை முறையில் அவதரித்தீர்கள். அன்றிலிருந்து நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி வருகிறீர்கள். எங்கள் ஒப்பந்தத்தை யாரும் இப்படி நீட்டித்ததில்லை என்பதால் கொஞ்சம் பொறாமைதான்.

என் சம்பளம் 20,000. அதில் 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய், மாதம் தவறாமல் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் ஆனது. கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டியது. ஆகவே நான் கேட்க வந்திருப்பது தர்மம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுன்டருக்கு முன்னால் நிற்கும்போது எனக்கே மறந்துவிடுகிறது.

ஊரடங்கு வந்த 2020இல் தங்கள் மனம் இளகியது. சராசரி நாள் ஊதியத்தில் 25 சதவீதம் என்றிருந்த உதவி 50 ஆனது. 90 நாள் காத்திருப்பு 30 ஆனது. முதலாளி வழியாக வரவேண்டிய மனுவை நாங்களே கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றும் ஆனது. நன்றி. என் கணக்குப்படி நாளுக்கு 328 ரூபாய் சொச்சம், அதிகபட்சம் 90 நாள். காத்திருக்கும் அந்த 30 நாளும் வீட்டு ஓனரும் மளிகைக் கடை அண்ணாச்சியும் தங்கள் விதியைப் படிக்காதவர்களாகவே நடந்துகொள்கிறார்கள்.

வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாள் சந்தா வேண்டும், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளில் ஒன்றில் இன்னொரு 78 நாள் வேண்டும் என்கிறீர்கள். காண்ட்ராக்டர் எங்களுக்கு பிரேக் கொடுக்கும்போது தங்கள் காலண்டரைப் பார்த்துக் கொடுப்பதில்லை. அதோடு, ஆயுளுக்கு ஒரே முறைதான் உதவி. எங்களுக்கு வேலை போவது ஊர்த் திருவிழா மாதிரி, வருஷா வருஷம் வரும். எந்த வருஷத்துக்கு இந்த ஒன்றைச் செலவழிப்பது என்று வீட்டில் கலந்து பேச வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவருக்கு இல்லை, ஓய்வு பெற்றவருக்கு இல்லை, தானாக விலகியவருக்கு இல்லை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

எங்களை எச்.ஆர். ரூமுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மேஜையில் ராஜினாமாக் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. பெயருக்கும் டோக்கன் நம்பருக்கும் மட்டும் புள்ளிக் கோடு. “கையெழுத்துப் போட்டா இன்னிக்கே செட்டில்மென்ட். போடலைன்னா பாக்கலாம் தம்பி” என்றார் அதிகாரி. ஒரு லைன் முழுவதற்கும் ஒரே மத்தியானத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ வந்துவிட்டன. ஆட்குறைப்பு என்ற சொல் அந்த ரூமில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

பிறகு அதே கம்பெனி, மாதச் சந்தாக் கணக்கில் என் பெயருக்கு நேரே வேலை நாள் பூஜ்ஜியம் என்று போட்டு, பட்டியலிலிருந்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தது: பணியிலிருந்து விலகினார். மனுவை நேரில் வாங்கிக்கொள்ளும் பெருந்தன்மை தங்களுக்கு இருக்கிறது. ஆனால் என்னை அனுப்பியவர் எழுதியதைத்தானே ஐயா முதலில் படிக்கிறீர்கள்?

எனவே, அந்தப் பட்டியலில் ‘எழுதி வாங்கப்பட்ட ராஜினாமா’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். காரணத்தைத் தொழிலாளியும் பதிவு செய்ய ஒரு கட்டம் தாருங்கள். ஒரே நாளில் ஒரே வாசகத்தில் ஒரு லைனே ராஜினாமா செய்தால், யாரையாவது அனுப்பி விசாரியுங்கள்.

இதெல்லாம் ஆகாதென்றால், அடுத்து கிடைக்கும் வேலையில் என் 0.75 சதவீதத்தை நானும் சொந்தக் காரணங்களுக்காக நிறுத்திக்கொள்ள அனுமதி அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தானாக விலகியதாகத் தங்கள் பதிவேட்டில் உள்ளவன்