ஓடினால் போதுமா? மென்பொருளின் தரம் பற்றித் தென்காசிப் பக்கத்து ஊர்களிலிருந்து சில கேள்விகள்

மேலகரம்: மென்பொருள் ஓடுகிறது என்றாலே தரமாக இருக்கிறது என்றுதானே பொருள்?

ஓடுவது முதல் படி மட்டுமே. குற்றாலத்தில் விடுதி அறை பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மார்ச் மாதத்தில் அதில் ஒரு குறையும் தெரியாது. ஜூலையில் சாரல் விழுந்து, சனிக்கிழமை காலை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழையும்போது ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் போகிறது என்றால் அது ஓடுகிற, ஆனால் தரமற்ற மென்பொருள். வேகம், நம்பகம், பாதுகாப்பு, பழகுவதற்கு எளிமை, பின்னாளில் திருத்துவதற்கு வசதி எல்லாமே தரத்துக்குள் வரும். ஐஎஸ்ஓ 25010 என்ற சர்வதேசத் தரநிலை இவற்றைத் தனித்தனியாக வகுத்துச் சொல்கிறது. பலரும் மறப்பது கடைசியில் சொன்ன திருத்தும் வசதியை. எழுதியவர் வேலை மாறிப் போனபின் யாராலும் தொட முடியாத நிரல், இன்று எவ்வளவு நன்றாக ஓடினாலும் தரமானதல்ல.

இலஞ்சி: தரக் கட்டுப்பாடு, தர உறுதி என்று எதற்கு இரண்டு பெயர்? ஒருவரே இரண்டையும் பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம், ஆனால் வேலை வேறு. செய்து முடித்த பொருளைச் சோதிப்பது கட்டுப்பாடு. அதைச் செய்யும் முறையையே பிழை நுழையாதபடி அமைப்பது உறுதி. குற்றால அருவியை எடுத்துக்கொள்ளலாம். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அருவியடியில் நின்று நீரின் அளவைப் பார்ப்பது கட்டுப்பாடு, மேலே பெய்யும் மழையைக் கவனிப்பது உறுதி. இரண்டும் தேவை. முன்னதை மட்டும் நம்பினால் எச்சரிக்க நேரம் இருக்காது.

பாவூர்சத்திரம்: கடைசி வாரத்தில் டெஸ்டரிடம் கொடுத்தால் ஆகாதா?

ஆகாது. பல பிழைகள் நிரல் எழுதுவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. பதிவை ரத்து செய்தால் பணம் எப்போது திரும்பும் என்று தேவைப் பட்டியலில் எழுதாமல் விட்டால், டெவலப்பர் ஒன்றை ஊகிப்பார், டெஸ்டர் வேறொன்றை ஊகிப்பார், வாடிக்கையாளர் மூன்றாவதாக ஒன்றை எதிர்பார்ப்பார். அந்த ஒரு வரியைத் தொடக்கத்தில் எழுத ஐந்து நிமிடம் போதும். வெளியீட்டுக்குப் பின் திருத்த, தரவுத்தளம் வரை கை வைக்க வேண்டிவரும். வடிவமைப்பையும் நிரலையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பலர் கூடிப் படித்துப் பிழை பிடிக்கும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் கட்டுரையாக எழுதினார். இன்று நடக்கும் கோட் ரிவ்யூ அதன் எளிய வாரிசு. இன்னொருவர் படிக்காமல் ஒரு வரியும் உள்ளே போகக் கூடாது என்ற விதி, தர உறுதிக்கான விதிகளில் மிக மலிவானதும் மிகப் பலன் தருவதும் ஆகும். ஒரு நிபந்தனை: மாற்றம் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டாயிரம் வரியை மொத்தமாக அனுப்பினால் படிப்பவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்றுதான் சொல்வார்.

கடையநல்லூர்: ஆயிரம் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டால், பிழையே இல்லை என்று எழுதித் தரலாமா?

தரக் கூடாது. சோதித்த இடத்தில் பிழை தென்படவில்லை என்று மட்டுமே எழுதித் தரலாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பிச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அதன் திசையறியும் மென்பொருள் புதியதல்ல. ஏரியன் 4-இல் பலமுறை வெற்றிகரமாகப் பறந்தது. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் பழையதைவிட அதிகம். அந்த எண்ணை 64 பிட் அளவிலிருந்து 16 பிட் அளவுக்குச் சுருக்கியபோது அது அதில் அடங்கவில்லை. மாற்றுக் கணினி ஒன்று தயாராக இருந்தது, ஆனால் அதிலும் அதே நிரல், எனவே அதுவும் அதே காரணத்தால் நின்றது. இன்னும் வருத்தமானது, தவறிய அந்த நிரல் பகுதிக்கு ராக்கெட் மேலெழுந்தபின் வேலையே இல்லை. ஏரியன் 5-இன் உண்மையான பாதையை வைத்து அந்தத் திசையறியும் கருவியைச் சோதித்திருந்தால் பிழை தரையிலேயே பிடிபட்டிருக்கும்.

செங்கோட்டை: சோதனையை இயந்திரமே செய்கிறதே, டெஸ்டர் வீட்டுக்குப் போகலாமா?

ஏற்கெனவே தெரிந்த கேள்விகளை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சலிக்காமல் திரும்பக் கேட்பதில் இயந்திரம் சிறந்தது. அதுதான் ரிக்ரெஷன் டெஸ்டிங். யாரும் இதுவரை கேட்காத கேள்வியைக் கேட்க, செயலியைப் பயன்படுத்தப்போகிறவர்களை அறிந்த மனிதர் வேண்டும்.

சுரண்டை: நல்ல மென்பொருள் எழுத பெங்களூருக்கு பஸ் ஏறியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011-இல் சிறு குழுவுடன் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கே உருவாகி இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அந்நிறுவனம் 2004-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பழக்குகிறது. தரத்துக்கும் ஊரிலிருந்தே வேலை செய்வதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு நிரலின் இண்டு இடுக்கு, பழைய முடிவுகளின் காரணம் எல்லாம் ஆவணத்தில் பாதிதான் இருக்கும், மீதி ஆட்களின் நினைவில் இருக்கும். அந்த ஆட்கள் ஊரிலேயே வேரூன்றிப் பல ஆண்டுகள் ஒரே மென்பொருளோடு இருந்தால் தரம் தங்கும். ஆண்டுதோறும் குழு மாறினால் அது கசிந்துவிடும்.

ஆலங்குளம்: சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் நம்பலாமா?

ஓரளவு. 1987-இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 9001 என்ற தரநிலையும், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகம் வகுத்த ஐந்து நிலை முதிர்ச்சி மாதிரியும் அளப்பது நிறுவனத்தின் வேலைமுறையை. இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற ஐந்தாம் நிலைச் சான்று பெரிதும் உதவியது. கையிலிருக்கும் செயலியைப் பற்றி அந்தச் சான்று எதையும் சொல்வதில்லை.

தென்காசி: ரிலீஸ் ஆனதும் வேலை முடிந்ததா?

அப்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பாதுகாப்பு அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்டேட்டில் இருந்த கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது, அதைப் படிக்கும் நிரல் 20-ஐத்தான் தந்தது. சரிபார்க்கும் கருவியிலேயே பிழை இருந்ததால் தடை விழவில்லை. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும் பயனில்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது. முதலில் நூறில் ஒருவருக்கு அனுப்பி, கவனித்து, பிறகு பரப்பியிருந்தால் சேதம் சிறிதாக இருந்திருக்கும். அதன்பின் அந்நிறுவனமும் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது. வெளியீட்டுக்குப் பின் வரும் ஒவ்வொரு புகாருக்கும் இரண்டு வேலைகள் உண்டு. அந்தப் பிழையைப் பிடிக்கும் டெஸ்ட்டை முதலில் எழுதிவிட்டுத் திருத்த வேண்டும். பிறகு, எந்தக் கட்டத்தில் அது யார் கண்ணிலும் படாமல் நழுவியது என்று தேடி அந்தக் கட்டத்தையே மாற்ற வேண்டும்.