அனலுக்கு ஓர் இணைப்பு

ரஷ்யக் குளிருக்காக 1850களில் ஃப்ரான்ஸ் சான் கல்லி என்பவர் உருவாக்கிய, வெந்நீரால் அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் அருப்புக்கோட்டைக்கும் வரவேண்டும் என்பது என் கட்சி. கத்திரி வெயில் மே மாதத்தோடு கைவிட்டுவிடுகிறது. அதை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது?

பழைய ரேடியேட்டர் ஒன்றைச் சீராக்குவது சுலபம். துருவைச் சுரண்டி, உள்ளே படிந்த சேற்றை அலசி, மூட்டுகளுக்குப் புது வாஷர் போட்டு, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தால் போதும். பாய்லருக்கு விறகா பஞ்சம்? திருச்சுழி வரைக்கும் சீமைக்கருவேலம் நிற்கிறது. கடைசியாக மேல்திருகைத் திறந்து, அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். இதில் நம்மவர்களுக்குத் தனிப்பயிற்சி தேவையில்லை. தெருக்குழாயில் கேட்டுப் பழகிய சீறல்தான்.

ஒரே சிக்கல், சத்தம் கேட்டதும் தெருவே குடத்தோடு வரவேற்பறையில் வரிசை கட்டும். காற்றுக்குப் பின்னால் நிச்சயம் தண்ணீர் வரும் குழாய் அது ஒன்றுதானே!