மாமாவைக் கேளுங்க: கல்முனைப் பக்கம் வரலாமா?

மழை விட்டு வட்டைகளில் அறுவடை மெஷின் இறங்கியதும் வாசகர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை ஏறிவிடுகிறது. அம்பாறைக் கரையோரம் பற்றி வந்த கேள்விகளை இந்தக் கிழமை ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன்.

கே: கல்முனையில் வசந்த காலம் எப்போது மாமா? – பூ விரும்பி, வெள்ளவத்தை

ப: எங்களிடம் இருப்பது இரண்டே காலம், மருமகன்: மாரி, கோடை. மாரி போயும் போகாமலும், கோடை வந்தும் வராமலும் இருக்கிற மாசி, பங்குனிதான் எங்கள் வசந்தம். வட்டையில் பெரும்போக நெல், கடலில் கரைவலை. பூத்தான் வேண்டுமென்றால் ஏப்ரலில் நுவரெலியா போங்க. அங்கே ஒரு பூவுக்கு நாலு கார் நிற்கும்.

கே: ஊரை எவ்வளவு நேரத்தில் பார்த்து முடிக்கலாம்? – அவசரக்காரன், நீர்கொழும்பு

ப: அறுகம்குடாவுக்குப் போகிற வெள்ளைக்காரர் பஸ் ஜன்னலால் ஐந்து நிமிஷத்தில் முடிக்கிறார். சந்தையடியில் ஓட்டோ குறுக்கே நின்றால் அரை மணித்தியாலம். அதற்கு மேல் தங்கினால் உங்களைச் சொந்தக்காரராக்கிவிடுவார்கள். பிறகு பார்த்து முடிக்கிற வேலை இல்லை, பதில் சொல்லி முடிக்கிற வேலைதான்.

கே: ரயில் உண்டா? – தண்டவாளம், மருதானை

ப: ரயில் மட்டக்களப்போடு களைத்துவிடும். அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர், பஸ்தான். கொழும்பில் இரவு பஸ் ஏறினால் சுபஹு பாங்குக்கு இறங்கலாம்.

இன்னொரு சங்கதி. நீங்கள் நுகேகொடையில் அரை நாளைத் தொலைக்கிறீர்களே ஹைலெவல் வீதி, அதற்கு அரசாங்கப் பெயர் ஏ4. அது இரத்தினபுரி, வெல்லவாய, மொணராகலை, பொத்துவில் என்று பாதி நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, எங்கள் பசாரை ஊடறுத்துத்தான் மட்டக்களப்புக்குப் போகிறது. வீதி ஒன்று, நெரிசலும் ஒரே குடும்பம்.

கே: கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க நல்ல இடம் எது? – காதலன், மொரட்டுவை

ப: கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற எந்த இடமும். இது கிழக்கு, தம்பி! இலங்கையின் ஆகக் கிழக்கு முனை சங்கமன்கண்டி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பொழுது விடிவதற்கு நாட்டிலேயே முதல் கையெழுத்து எங்களுடையது. அஸ்தமனம்தான் வேண்டுமென்றால் கிட்டங்கிப் பக்கம் போங்க, சூரியன் வயலுக்குள் இறங்கும். காதலியையும் கூட்டிப் போவதென்றால் அவவின் காக்காமார் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்க.

கே: பாடும் மீன் எங்கே கேட்கும்? – இசைப்பிரியை, நல்லூர்

ப: அது மட்டக்களப்பு வாவி. இங்கே மீன் பாடாது, மகள். மீன் வியாபாரிதான் பாடுவார். காலை ஆறு மணிக்கு, உங்கள் ஜன்னலடியில், ஹோர்ன் பக்கவாத்தியத்தோடு.

கே: கல்முனை எங்கே முடிந்து சாய்ந்தமருது எங்கே தொடங்குகிறது? ஓட்டோக்காரரைக் கேட்டால் சிரிக்கிறார். – எல்லை தேடி, கண்டி

ப: சிரித்ததோடு விட்டார், வேறொருவர் என்றால் கூட்டம் போட்டிருப்பார். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுகா தமிழ் ஊர். கோயில் மணி தேய்ந்து பாங்கு ஓங்கும், பாங்கு தேய்ந்து மணி ஓங்கும். எல்லையைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

காகிதத்தால் பிடிக்கப் போனதும் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. ஒரு கிழமைக்குள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எங்கள் சட்டித் தயிருக்கு அதைவிட ஆயுள் கெட்டி.

கே: சாய்ந்தமருதில் 'வொலிவேரியன் கிராமம்' என்று ஒன்று இருக்கிறதாமே? ஸ்பானிஷ் பேசுவார்களா? – உலகம் சுற்றி, தெஹிவளை

ப: கல்முனைத் தமிழில்தான் பேசுவார்கள், அதுவும் வேகமாக. சுனாமிக்குப் பிறகு வெனிசுவேலா உதவியில் எழும்பிய வீடுகள் அவை. பெயர் சிமோன் பொலிவாருடையது. தென்னமெரிக்காவில் இத்தனை நாடுகளை விடுவித்த மனுசனால் சாய்ந்தமருதை மட்டும் கல்முனை மாநகரசபையிடமிருந்து விடுவிக்க முடியவில்லை.

கே: சுனாமி நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும், படம் எடுக்கலாமா? – பயணக் குறிப்பு, சென்னை

ப: இதற்குப் பகிடி இல்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் நெடுகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தனியாக ஓர் இடம் தேடிப் போகத் தேவையில்லை. கரையில் வலை தைக்கிற யாரோடும் கொஞ்ச நேரம் உட்காருங்க. அவராகச் சொன்னால் கேளுங்க. கேமரா பைக்குள் இருக்கட்டும்.

கே: என்ன சாப்பிடலாம் மாமா? கொத்து ரொட்டி தவிர. – நாக்குக்கு அடிமை, பேராதனை

ப: இந்தக் கேள்விக்கு மட்டும் இடம் தாராளம். காலையில் கடற்கரைக்கு நடங்க. கரைவலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் பின்னுக்குச் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். மடி கரையேறும்போது உள்ளே கீரியும் சூடையும் நெத்தலியும் துடிக்கிற சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பங்கு பிரிப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் காகம், அடுத்தது பூனை, அதற்குப் பிறகுதான் முதலாளி.

அந்த மீன் பகலைக்குள் பொரியலாகவும் தேங்காய்ப்பால் ஆணமாகவும் உங்கள் கோப்பைக்கு வரும். புளியாணம் கிடைத்தால் விடாதீங்க.

யாராவது கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் சஹன் முன்னால் உட்காருவீர்கள். ஒரே தாலம், சுற்றிவர ஐந்தாறு பேர். நல்ல இறைச்சித் துண்டை உங்கள் பக்கம் தள்ளுவார்கள். மரியாதைக்குத் திருப்பித் தள்ளுங்க. மறுபடி வரும். இரண்டாம் முறையும் தள்ளினால் பக்கத்தில் இருப்பவர் மெய்யென்று நம்பிவிடுவார். கவனம்!

கே: ரமழானில் வந்தால் பட்டினியா? – சந்தேகம், குருணாகல்

ப: பகலில் சாப்பாட்டுக் கடை சாத்து. மஃரிபுக்குக் கஞ்சியோடு ஊர் கண் திறந்தால், தராவீஹ் முடிந்து நடுச்சாமம் வரை மூடாது. ரமழான் வருடத்துக்கு 10, 11 நாள் முன்னுக்கு நகர்கிறது. ஒரு சுற்றுச் சுற்றி இதே வெயில் காலத்துக்குத் திரும்ப ஏறத்தாழ 33 வருடம் பிடிக்கும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் காரைதீவில் இறங்கிச் சோறு தின்றுவிட்டு வாங்க. யாரும் வாயை முகர்ந்து பார்க்க மாட்டார்கள்.

கே: வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு வந்தேன், ஒரு கடையும் இல்லையே! – ஏமாந்தவன், மாத்தறை

ப: கடை இருந்தது, கடைக்காரர் ஜும்ஆவில் இருந்தார். நீங்களும் நிழலில் இருந்திருக்கலாம்.

கே: கல்முனைப் பெண்ணைக் கட்டினால் எங்கே குடியிருப்பது? – நல்ல பையன், கொழும்பு 12

ப: அவவின் வீட்டில். கிழக்கில் வீடு பெண்ணுக்கு, குடி என்கிற வம்சம் தாய்வழி. பள்ளிவாசல் மரைக்காயர் பதவியும் அந்தக் குடிக் கணக்கில் வந்ததுதான். பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே முறை இருக்கிறது. மாப்பிள்ளை பெட்டியோடு வருவார், அவ்வளவுதான். டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008இல் தடித்த புத்தகமே போட்டார். நீங்கள் படிக்க வேண்டாம், மாமி ஒரு கிழமையில் விளங்கப்படுத்துவா.

கே: கிழக்குக்கு முஸ்லிம்கள் எப்போது வந்தார்கள்? – சரித்திரம், காயல்பட்டினம்

ப: போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் இந்தப் பக்கம் குடியேற்றினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். திமிலரோடு நடந்த சண்டையில் தோள் கொடுத்த பட்டாணி முஸ்லிம்களுக்கு முக்குவர் பெண் கொடுத்தார்கள் என்பது மட்டக்களப்புத் தேசத்து வாய்மொழி. ஆக, அப்போதும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்திருக்கிறார்.

கே: தங்குவதற்கு ரூம் கிடைக்குமா? – தனியாள், பதுளை

ப: கிடைக்கும். ஆனால் விலை கேட்பதற்கு முன் உங்களிடம் கேட்பார்கள்: எந்த ஊர்? யார்ர மகன்? உம்மா எந்தப் பக்கம்? பாஸ்போர்ட் அலுவலகமும் இவ்வளவு கேட்காது. சரியாகப் பதில் சொன்னால் ரூம் தேவைப்படாது, வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவார்கள்.

கே: கடலில் நீச்சலுடையோடு இறங்கலாமா? – அலை, மெல்பேர்ன்

ப: அறுகம்குடா சுமார் 70 கிலோமீற்றர் தெற்கே. ஏப்ரலில் அங்கே சறுக்குப் பலகைக்காரர் வரத் தொடங்குவார்கள். இங்கே சாரன் போதும். கட்டத் தெரியாவிட்டால் கரையிலேயே நில்லுங்க, அலைக்கு இரக்கம் கிடையாது.

கே: மருதமுனைச் சேலைக்குப் பேரம் பேசலாமா? – சிக்கனம், திருகோணமலை

ப: தாராளமாகப் பேசலாம், புள்ள. அவர் சொல்கிற முதல் விலைக்குள் உங்கள் பேரத்துக்கும் இடம் விட்டுத்தான் சொல்கிறார். ஆனால் ஒருக்கால் தறிக் கொட்டிலுக்குள் போய்ப் பாருங்க. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்க, மிதியில் காலும் பலகையில் கையும் ஓயாமல் நடக்க, ஒரு விரற்கடை துணி வளர்வதைப் பார்த்தவருக்குப் பேரம் பேச நாக்கு எழும்பாது. முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு கேட்ட தறிச் சத்தம் இப்போது தேடிப் போனால்தான் கேட்கும். நூல் விலை அப்படி. வாங்குகிற நீங்களும் அப்படி.

கே: அந்தப் பக்கம் கவிஞர்கள் அதிகமாமே? – உரைநடை, யாழ்ப்பாணம்

ப: பெரியநீலாவணை நீலாவணனைத் தந்தது, கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமானை, கல்முனை சோலைக்கிளியை. கதைக்கு மருதமுனையில் மருதூர்க்கொத்தன். அமைச்சராக இருந்த அஷ்ரஃபே 'நான் எனும் நீ' என்று கவிதைத் தொகுதி போட்டவர். காதல் வந்தாலும் கவிதை, கோபம் வந்தாலும் கவிதை. கடன் கேட்பது மட்டும் இன்னும் உரைநடையில் நடக்கிறது.

கே: காரைதீவில் யாழ் வாங்கலாமா? – தந்தி, தஞ்சாவூர்

ப: யாழ் கிடைக்காது, யாழைத் தேடிக் கண்டவர் கிடைத்தார். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம்தான் சுவாமி விபுலானந்தர். பழைய யாழ் எப்படி இருந்திருக்கும் என்று இலக்கியத்தையும் கணக்கையும் வைத்துத் துருவி 'யாழ் நூல்' எழுதினார். அது வெளிவந்த 1947இலேயே கண்ணை மூடினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. தஞ்சாவூர்க்காரர் கவனிக்க: உங்கள் பக்கத்துக்குத் தமிழ் படிப்பிக்க ஆள் அனுப்பிய ஊர் இது.

கே: விழா ஏதும் பார்க்கக் கிடைக்குமா? – கொட்டும் மேளமும், வவுனியா

ப: வைகாசி வரை தாக்குப் பிடித்தால் காரைதீவுக் கண்ணகை அம்மன் குளிர்த்தி. மதுரையை எரித்தவவின் சூடு தணிக்கிற சடங்கு. அந்த வெயிலில் நமக்கும் ஒருக்கால் செய்துவிட்டால் நல்லது.

கல்முனைக் கடற்கரைப்பள்ளியில் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேறுவது ஜமாதுல் ஆகிர் மாதத்தில். பிறைக் கணக்கு உங்கள் லீவுக் கணக்கைப் பார்க்காது. இப்போதைய வருடங்களில் அது மாரிக்குள் வந்து விழுகிறது. கொடியேறும் முன் குடை ஏறிவிடும்.

கே: ஒலுவில் துறைமுகத்தில் கப்பல் பார்க்கலாமா? – நங்கூரம், காலி

ப: மணல் பார்க்கலாம். 2013இல் திறந்தார்கள். கரையோரமாக வடக்கே போகிற மணலை அலைத்தடுப்புக் கல் மறித்தது. மணல் வாயிலில் குந்திக்கொண்டது, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை கடலுக்குள் போனது. தோணிக்காரர் வாயிலைத் திறக்கச் சொல்கிறார், தென்னந்தோட்டக்காரர் கரையைத் திருப்பித் தரச் சொல்கிறார். பக்கத்தில் 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. ஒலுவிலில் நங்கூரம் போட்டுத் தங்கியது அது ஒன்றுதான்.

கே: வந்த இடத்தில் வருத்தம் வந்தால்? – முன்யோசனை, அவிசாவளை

ப: பயப்படாதீங்க, கல்முனையில் இரண்டு ஆதார வைத்தியசாலை. வடக்கில் ஒன்று, தெற்கில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. இவ்வளவு கிட்டக்கிட்ட ஏன் இரண்டு என்று மட்டும் யாரையும் கேட்காதீங்க. விளக்கம் கேட்டு முடிய பிரஷர் ஏறி, இரண்டிலும் படுக்க வேண்டி வரும்.

கே: காசு கொடுக்காமல் யானை பார்க்க முடியுமா? – ஓசி, கம்பஹா

ப: முடியும், பார்த்தால் சாப்பாடு இறங்காது. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் காட்டு யானைகள் பொலித்தீனைக் கிளறித் தின்கின்றன. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அப்படிச் செத்தன என்று 2022இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நீங்கள் சோறு சுற்றிக்கொண்டு வந்த லன்ச் சீட்டை மடித்துத் திருப்பிக் கம்பஹாவுக்கே கொண்டு போங்க. டிக்கெட் காசு அதுதான்.

கே: எருமைத் தயிர் வாங்கினால் நல்லதென்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொழும்பு வரை எப்படிக் கொண்டு போவது? – மருமகள், மாளிகாவத்தை

ப: கடைக்காரரிடம் சட்டியைக் கவிழ்க்கச் சொல்லுங்க. மேலே மஞ்சள் பாரித்த ஆடை அசையாமல் நின்றால் வாங்குங்க. விழுந்தால் அது உங்கள் காசு இல்லை, நடையைக் கட்டுங்க. கொண்டு போவதற்கு இரவு பஸ்ஸில் மடிதான் பாதுகாப்பு. மஹியங்கனை வளைவுகள் வரும்போது, பக்கத்து ஆசனக்காரர் நித்திரை என்றால், அவரின் மடி.