கான்கார்டு காவல் தலைமையகத்துக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு மனு

அனுப்புநர்:
மனு எழுதுபவர்,
வட்டாட்சியர் அலுவலக வாசல்,
தாம்பரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் தலைவர் அவர்கள்,
கான்கார்டு தலைமையகம்,
யூலாய் நட்சத்திரத் தொகுதி, நியூ ஈடன்.

பொருள்: ஈவ் ஆன்லைன் விண்வெளி விளையாட்டில் புதிதாகச் சேர்வோருக்கு ஓவர்வியூ பட்டியலை ஒழுங்குபடுத்தித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, அடுத்த வீட்டு மாடித் தண்ணீர் நம் வாசலில் விழுவது என்று பூமியில் உள்ள சகல குறைகளுக்கும் நான் மனு எழுதித் தருகிறேன். பூமிக்கு வெளியே எழுதுவது இப்போதுதான். கோர்ட் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமா என்பது தெரியாததால் ஒட்டவில்லை.

மனுதாரர் என் தங்கை மகன். சேலையூரில் வீடு, என்ஜினியரிங் மூன்றாம் வருஷம். "மாமா, கான்கார்டுக்கு ஒரு பெட்டிஷன் எழுதணும்" என்றான். அது எந்த பிர்க்காவில் வருகிறது என்று கேட்டேன். யூலாய் என்றான். வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஏதோ புது நகர் போலிருக்கிறது என்று நினைத்து சர்வே நம்பர் கேட்டபோதுதான் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான்.

திறந்த மடல் என்பதால் தங்களைத் தவிர வேறு சிலரும் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கிய விளையாட்டு இது. 7,000-க்கு மேற்பட்ட நட்சத்திரத் தொகுதிகள். சீனாவுக்குத் தனி சர்வர். மற்ற உலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. சேலையூர்ப் பையனும் ஜெர்மனிக்காரரும் ஒரே வானத்தில்தான் பிழைக்க வேண்டும். தாங்கள் அந்த வானத்தின் போலீஸ். கற்பனைப் போலீஸ்தான் என்றான் பையன். இத்தனை வருஷம் மனு எழுதியவனுக்கு அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தோன்றவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் கப்பலைப் பெரும்பாலும் யாரும் கையால் ஓட்டுவதில்லை. திரையின் வலது பக்கம் ஒரு பட்டியல் நிற்கிறது. அதுதான் ஓவர்வியூ. கப்பல், கல், வாயில், நிலையம், கோள், நிலா, வெடித்த கப்பலின் மிச்சம் எல்லாம் அதில் ஆளுக்கொரு வரி. வரியைத் தொட்டு அணுகு, சுற்று, வார்ப் போ, குறிவை என்று உத்தரவு போட்டால் கப்பல் தன் பாட்டில் செய்துகொள்ளும். சர்வர் விநாடிக்கு ஒரு தடவைதான் கணக்குப் பார்க்கிறதாம். ஆகவே சர்வர் இருக்கும் லண்டனுக்கும் மாடம்பாக்கம் பிராட்பேண்டுக்கும் நடுவே கால் விநாடி போனால் குடி முழுகிவிடாது. விரல் வேகத்துக்கு இங்கே மார்க் இல்லை. எந்த வரியைப் படிக்கிறோம் என்பதற்குத்தான் மார்க். பின்னால் தெரியும் சூரியனும் மேகமும் வந்தவர்களுக்குக் காட்டி மகிழ.

வெளியூர்க்காரர்கள் இதை 'விண்வெளி எக்செல்' என்று கேலி செய்வார்களாம். 2022-இல் சிசிபி நிறுவனமே மைக்ரோசாஃப்ட் எக்செலோடு இணைப்பு தருகிறோம் என்று விழா மேடையில் அறிவித்தது, கூட்டம் கைதட்டியது. எதிர்க்கட்சி வைத்த பட்டப்பெயரையே போஸ்டரில் போட்டுக்கொள்ளும் எங்கள் ஊர் அரசியலைப் பார்த்தவன் நான், ஆச்சரியப்படவில்லை. நியூயார்க்கின் மோமா கலைக்கூடம் 2012-இல் இந்த விளையாட்டைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அங்கே பார்க்க வந்தவர்கள் கையில் மவுஸைக் கொடுத்தார்களா? இல்லை, வீடியோ போட்டுக் காட்டினார்கள். நியூயார்க்வாசிகளுக்குக் காட்டத் தயங்கிய பட்டியலைத்தான் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே முழுசாக விழுங்க வேண்டியிருக்கிறது.

பட்டியலின் மூலையில் மூன்று சின்னக் கோடு இருக்கிறது. அதைத் தொட்டு செட்டிங்ஸைத் திறக்கச் சொன்னேன். கல், கோள், ட்ரோன், கப்பல், நிலையம் என்று தலைப்புகள். கப்பல் என்பதன் பக்கத்துக் குறியைத் தொட்டால் அதன் வயிற்றிலிருந்து ஃபிரிகேட், டிஸ்ட்ராயர், க்ரூஸர், ஷட்டில், டைட்டன் என்று இறங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். அதை முடித்தால் 'நிலைமை' என்று இன்னொரு பக்கம்: உன் படையில் இருப்பவரா, உன் சங்கத்தவரா, சந்தேக நபரா, குற்றவாளியா, பாதுகாப்பு மதிப்பு மைனஸ் 5-க்குக் கீழே போனவரா? அதற்கும் டிக். அப்புறம் யாருக்கு எந்த நிறம். அப்புறம் எந்த நிறத்துக்கு முன்னுரிமை. நிலப் பாகப்பிரிவினையில்கூட இத்தனை கட்டம் நான் நிரப்பியதில்லை.

பையனின் வகுப்பில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவன் எதையும் விடக்கூடாது என்று சகலத்துக்கும் டிக் போட்டான். ஜிட்டா என்ற வியாபாரத் தலைநகரின் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பட்டியல் பொங்கிவிட்டது. தூரத்தின்படி வரிசைப்படுத்தியிருந்ததால் கப்பல்கள் நகர நகர வரிகளும் இடம் மாறுகின்றன. ஒன்றைத் தொடப்போனால் விரலுக்குக் கீழே வேறொன்று வந்து உட்காருகிறது. கண்ட்ரோல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரிகள் அசையாமல் நிற்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொருவன் சிக்கனக்காரன். கல் வெட்டத்தானே வந்திருக்கிறோம் என்று கல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லா டிக்கையும் எடுத்துவிட்டான். வெல்ட்ஸ்பார், ஸ்கார்டைட் என்று நிம்மதியான பட்டியல். பக்கத்தில் காட்டலிஸ்ட் என்ற சண்டைக் கப்பல்கள் வந்து நின்றது அதில் வரவில்லை. ஓடலாமென்றால் வாயிலும் நிலையமும்கூடப் பட்டியலில் இல்லை. முதலாமவனுக்கு எல்லாம் தெரிந்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டாமவன் கல் வெட்டிக்கொண்டே செத்தான்.

இந்த இடத்தில்தான் தங்கள் துறை வருகிறது. பாதுகாப்பு மதிப்பு 0.5 முதல் 1.0 வரை உள்ள தொகுதிகளில் ஒருவன் காரணமில்லாமல் இன்னொருவனைச் சுட்டால் தாங்கள் தவறாமல் வருகிறீர்கள். சுட்டவனைத் தவறாமல் அழிக்கிறீர்கள். தப்பிக்க வழியே கிடையாது. தப்பிக்க முயல்வதே விதிமீறல் என்று கேள்விப்பட்டு மெய்சிலிர்த்தேன். ஆனால் 1.0 தொகுதியில் சில விநாடியில் வரும் தாங்கள், 0.5 தொகுதியில் வந்து சேர ஏறக்குறைய 20 விநாடி ஆகிறது. காட்டலிஸ்ட் கோஷ்டிகள் அந்த விநாடிகளைப் பெருக்கி, இத்தனை துப்பாக்கி, இத்தனை சேதம், இத்தனை ஆள் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புகின்றன. தங்கள் நேரம் தவறாமையே அவர்களுக்குக் கைமுதல். செத்தவனுக்குத் தாங்கள் சாட்சி, சுட்டவனுக்கு எமன். இடையில் காப்பாற்றுகிற வேலை யாருடையது என்று அரசாணையில் தேடினேன். அது அந்தப் பட்டியலுடையது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உண்மையில் 0.45 இருக்கும் தொகுதி திரையில் 0.5 என்று தெரிகிறதாம். இது எங்கள் காலத்தில் முப்பத்து மூன்று வாங்கியவனுக்கு இரண்டு மார்க் போட்டுத் தேற்றிவிட்ட வழக்கம்தான். பள்ளிக்கூடத்தில் அதனால் யாரும் வெடித்துச் சிதறவில்லை.

நிறங்களின் முன்னுரிமை தனி வேடிக்கை. ஒருவர் ஒரே சமயத்தில் உங்களுக்கு நண்பராகவும் ஊருக்குக் குற்றவாளியாகவும் இருக்கலாம் (தாம்பரத்தில் இதை நான் விளக்க வேண்டியதில்லை). அப்போது பட்டியல் அவருக்கு எந்த நிறம் பூசும்? மேலே எந்த விதி இருக்கிறதோ அதன் நிறம். கீழே இருக்கிற விதி வாய் திறக்காது. விதிகளை இழுத்து மேலே கீழே வைக்கலாம் என்பது உண்மைதான். இழுத்து வைக்க வேண்டும் என்று புதியவனுக்கு எப்படித் தெரியும்? மைனஸ் 5-க்குக் கீழே போனவரை மேலே தூக்கி வைத்து, கண்ணில் குத்துகிற பின்னணி நிறம் கொடுத்திருந்தால், அந்த இரண்டாமவன் காட்டலிஸ்ட்காரர்கள் வந்து நின்றவுடனேயே கிளம்பியிருப்பான். கப்பலுக்கும் டிக் இருந்திருக்க வேண்டும், அது வேறு.

பத்திகளையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தூரம், பெயர், வகை என்ற மூன்றும் கண்ணுக்குப் பழகியவை. வேகம் என்று இன்னொன்று சேர்த்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். உயிரைக் காப்பதோ கோண வேகம் என்ற பத்தி. பெரிய கப்பலின் பீரங்கி மெதுவாகத்தான் திரும்பும். சின்னக் கப்பல் நெருங்கி வந்து சுற்றினால் பீரங்கியின் மூக்கு பின்தொடர முடியாமல் குண்டு வீணாகும். அந்தச் சுற்று எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண் அது. உயிர் இருக்கிற அந்தப் பத்தி செட்டிங்ஸில் மூன்றாவது வாசலுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். ஆட்டக்காரர்களே. பழையவர்கள் சிலர் தங்களுக்குச் சரிப்பட்ட டேப், ஃபில்டர், நிறம் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி இலவசமாக விடுகிறார்கள். இசட்-எஸ் பேக் என்று ஒன்று ரொம்பப் பிரபலம். அரட்டைப் பெட்டியில் யாராவது இணைப்பைப் போட்டால் ஒரு தொடலில் இறக்கிக்கொள்ளலாம். 2019 கோடையில் சிட்லப்பாக்கம் ஏரியில் குப்பை அள்ள ஊர்க்காரர்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள், அவர்களை நினைத்துக்கொண்டேன். ஜனங்கள் இறங்கி வேலை செய்வது நல்லதுதான். அதற்காக ஏரியை அப்படியே விட்டுவிடலாம் என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்த மூட்டைகளிலும் ஒரு சிரமம்: அவை கரை கண்டவர்களுக்காகக் கட்டியவை. பையனுடைய முதல் மூட்டையில் இருந்த டேப்களில் பாதிக்கு அவனுக்கு இன்னும் வேலை வரவில்லை.

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பட்டியல் சாத்தியமில்லை என்று தாங்கள் பதில் எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சண்டைக்காரன் தன் படைக்காரர்களைப் பட்டியலிலிருந்து மறைத்தால்தான் தவறிச் சொந்த ஆளைச் சுடமாட்டான். அதே படையில் மருத்துவக் கப்பல் ஓட்டுபவனுக்குச் சொந்த ஆள்தான் தெரிய வேண்டும், பகைவன் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் முதல் வாரத்துப் பையன் இரண்டு பேரும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் ஹவுரா வண்டியும் வருகிறது, கடற்கரை லோக்கலும் வருகிறது. லோக்கல் பிளாட்பாரத்துப் பலகையில் அடுத்த வண்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருக்கிறது. மற்றதைத் தேடுபவன் விசாரணை ஜன்னலுக்குப் போவான்.

விமானப்படைக்காரர்கள் பக்கத்தில் குடியிருக்கும் எங்களிடம் பைலட் சமாச்சாரம் பேசுவது எளிதல்ல என்பதையும் நினைவூட்டுகிறேன். விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர்களுக்கே கற்றுத்தரும் பள்ளி எங்கள் ஊர் விமானத் தளத்தில்தான் இருக்கிறது. அங்கே எத்தனையோ கடிகாரம் உள்ள பலகையைக் காட்டுவதற்கு முன்னால், இப்போது எந்த முள்ளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர ஒரு ஆள் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார்.

சின்னக் கவனக்குறைவுதானே என்று எதையும் தள்ளிவிட வேண்டாம். 2014 ஜனவரி 27-இல் பி-ஆர்5ஆர்பி என்ற தொகுதியில் ஒரு கூட்டணியின் ஆதிக்கக் கட்டணம் கட்டப்படாமல் போனது. அதைச் சாக்கிட்டு எதிரிகள் புகுந்தார்கள். 21 மணி நேரம் சண்டை, 75 டைட்டன்கள் சாம்பல். நிஜப் பணத்தில் சுமார் 3,00,000 டாலர் என்று கணக்கிட்டார்கள். எங்கள் மாநகராட்சியில் சொத்துவரி கட்டாவிட்டால் வட்டி போடுவார்கள், நோட்டீஸ் வரும். அவ்வளவுதான்.

ஆகவே மனுதாரர் கோருவது: புதிதாகச் சேருபவனுக்கு மூன்றே டேப். ஒன்றில் போக்குவரத்து: வாயில், நிலையம், கோள். ஒன்றில் வேலை: கல்லோ மிச்சமோ எதுவோ, அதோடு ஓட ஒரு வாயிலும் வருகிற கப்பல்களும் கட்டாயம். ஒன்றில் ஆபத்து: மனிதர்கள் ஓட்டும் கப்பல்கள் மட்டும், கெட்டவர் மேலே, கோண வேகத்தோடு. 14.3 வானியல் அலகு தூரம் வரை துழாவும் டி-ஸ்கேன் இதே மூன்றாவது டேபைப் பின்பற்றட்டும். சனிக்கோளுக்கு அப்பால் வரை பார்க்கிற கண்ணுக்குக் குப்பை எதற்கு? கூடவே தங்கள் துறை வந்து சேர ஆகும் விநாடிகள் என்று ஒரு பத்தி. கடைசிக் கோரிக்கையைத் தாங்கள் நிராகரிப்பீர்கள் என்று தெரிந்தே வைத்திருக்கிறேன்; பேரம் பேச ஒன்று வேண்டும்.

ஒரு பாராட்டும் பதிவு செய்கிறேன். தங்கள் உலகம் தினமும் எங்கள் நேரப்படி மாலை 4.30-க்குப் பராமரிப்புக்காக நிற்கிறது. முன்கூட்டியே சொல்லி, சொன்ன நேரத்தில் நிறுத்தி, சில நிமிஷத்தில் திரும்பவும் ஓட விடுகிறார்கள். மின்சாரம் நிற்கும் நேரம் தெரியாத தெருவில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது.

ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரருக்காக,
மனு எழுதுபவர்.

நகல்:
விண்மீன் மேலாண்மை மன்றம், நியூ ஈடன். 2008 முதல் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம் என்பதால், 70 வார்டு உள்ள மாநகராட்சியிலிருந்து உரிமையோடு அனுப்புகிறோம்.
மனுதாரரின் தாயார், சேலையூர். தகவலுக்காக மட்டும். அரியர் பேப்பர் பற்றி இந்த மனுவில் எதுவும் குறிப்பிடப்படவில்லை.