மேகமலையில் மதியச் சாப்பாடு: கடல்மட்டத்திலிருந்து ஓர் ஆய்வு

மேகமலைக்குக் கீழே உள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் பாரதம் தமிழானதைச் சொல்கின்றன. மதுரையில் சங்கம் வைத்ததைச் சொல்கின்றன. அரச பரம்பரையை நீளமாக அடுக்குகின்றன. ஆனால் மேகமலை ஏறப்போகிறவன் கையில் ஐம்பது ரூபாய் இருந்தால் எங்கே சாப்பிடுவது, ஐந்நூறு இருந்தால் எங்கே என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆயிரம் வருஷமாக அடைபடாமல் கிடக்கும் இந்த ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் கருவிகள்: ஒரு வயிறு, ஒரு மஞ்சப்பை, அரசுப் பேருந்தில் ஒரு சன்னலோர சீட்டு.

பர்ஸ் எவ்வளவு கனமோ சாப்பாடு அவ்வளவு ருசி என்பது முன்னோர் கொள்கை. சமவெளியில் இதைப் பெரும்பாலும் மறுப்பதற்கில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தின் 1 ரூபாய் இட்லியைக் கடல்மட்டமாக வைத்துக்கொண்டால், தள்ளுவண்டி, பெஞ்சு போட்ட டிபன் கடை, இலைச் சாப்பாடு, மட்டன் சுக்கா, ஏசி அறை என்று படிப்படியாக ஏறலாம். ஏசி அறையில் வருவதும் வெளியே வரும் அதே சால்னாதான். குளிருக்குத்தான் கூடுதல் காசு.

இந்தக் கொள்கையைக் கவிழ்ப்பதும் அதே சால்னாதான். புரோட்டாவுக்கு விலை உண்டு, சால்னாவுக்குக் கிடையாது. ஆகவே ஏழையின் பட்ஜெட்டைப் புரோட்டாவில் எண்ணக்கூடாது, வாளியில் அளக்க வேண்டும். சின்னமனூரில் ஒருநாள் ராத்திரி என் எதிரே உட்கார்ந்திருந்தவர் இரண்டே புரோட்டாதான் சொன்னார். அதைப் பிய்த்து இலையில் நாலாபக்கமும் கரை கட்டினார். ஒரு மூலையில் மட்டும் மெல்லிய துண்டாக வைத்து மதகு விட்டார். நடுவில் சால்னாவைத் தேக்கி, மதகு நனைந்து இளகுகிற நேரம் பார்த்து வாயில் போட்டார். கரை ஊறி உடைவதற்குள் மூன்று முறை தேக்கம் நிரம்பியது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற பள்ளத்தாக்கு இது, ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடிவாரத்துத் தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் முன்னோர் கொள்கை வேலை செய்வதை நிறுத்திக்கொள்கிறது. அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை வாசிக்கிற நிலையில் பயணிகள் இருப்பதில்லை. சாப்பிட்டதன் மதிப்பு என்பது கொடுத்த காசு அல்ல, மேலே போய்ச் சேரும்போது உள்ளே மிச்சமிருப்பது. இதற்கு 'மீதக் கோட்பாடு' என்று பெயரிட்டுள்ளேன். முன்சீட்டுப் பையன் கீழே ஒரு செட்டு பூரி தின்றிருந்தான். ஐந்தாவது வளைவில் அவன் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, "கண்ண மூடிக்கடா தங்கம்" என்றாள். ஏழாவது வளைவில் பூரி கணக்கிலிருந்து நீங்கியது. "அம்பது ரூவா போச்சு" என்றார் அப்பா. இதைவிடச் சுருக்கமாக இக்கோட்பாட்டை நான் எழுதிவிட முடியாது.

மேலே, ஏறத்தாழ 1,500 மீட்டரில், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு லேசில் வேகாது, குக்கர் வேண்டும். சிப்ஸ் பாக்கெட்டுகள் காற்றழுத்தம் குறைந்து மாசமான வயிறு போல உப்பித் தொங்குகின்றன. கொடுத்த காசுக்கு அதிகமாகக் கிடைத்த மாதிரி ஒரு தோற்றம். சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. கிளாசில் வருவதோ டஸ்ட் டீ.

இரவு உணவு என்றொரு துறை வெளியூர்க்காரர்களுக்கு இங்கே அநேகமாக இல்லை. 2021இல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. மாலை 6 மணியோடு பாதையை அடைத்துவிடுவார்கள். தங்குகிறவர்கள் விடுதியில் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். "எத்தன பேரு? கோழியா, முட்டையா?" அந்தக் கோழியும் சின்னமனூரிலிருந்து அதே பதினெட்டு வளைவில்தான் ஏறி வர வேண்டும். அரிசி, உளுந்து, தக்காளி, கேஸ் சிலிண்டர் எல்லாம் அப்படியே. ஆக, இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இது: மேகமலையில் யாரும் மேகமலையைச் சாப்பிடுவதில்லை. எல்லோரும் சின்னமனூரைத்தான் சாப்பிடுகிறார்கள். பட்ஜெட் முடிவு செய்வது அதை யார் சுமந்து ஏறுவது என்பதை மட்டும். பணக்காரனுக்கு ஜீப் சுமக்கிறது, டீக்கடைக்குப் பஸ் சுமக்கிறது, எனக்கு நான்.

பட்ஜெட்டே இல்லாமல் வெளியே சாப்பிட்டவரும் ஒருவர் உண்டு. கேரளத்துச் சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பன் என்ற யானை, 2023 ஏப்ரல் இறுதியில் பெரியாறு காட்டில் விடப்பட்டு, மே மாதம் மேகமலைக்கு நடந்தே வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை போட்டார்கள். மே 27இல் கம்பம் ஊருக்குள் நுழைந்தது. ஜூன் 5இல் பிடித்து களக்காடு–முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். கம்பத்தில் அது தாக்கிக் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். அதனால் இதற்குமேல் இந்த உதாரணத்தை வைத்து விளையாட எனக்கு மனமில்லை.

களப்பணிக்கு வருவோம். மஞ்சப்பையில் நாலு இட்லி, வாழை இலையில் கட்டியது. சாம்பாரைக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்திருந்தார். செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2019லிருந்து தடை இருக்கிறது, என் தப்புதான். மலைமேல் ஹைவேவிஸ் ஊர் டீக்கடை பெஞ்சில் வெறும் இட்லியோடு உட்கார்ந்திருந்தபோது பெரிய கார் ஒன்று வந்து நின்றது. ஐந்து பேர். மெனு கார்டு கேட்டார்கள்.

"முட்ட இருக்குண்ணே" என்றார் மாஸ்டர்.

ஐந்து ஆம்லெட், ஐந்து டீ. முடித்ததும் கார்க்காரர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைக்கு நேரே போனை நீட்டினார். சிக்னல் இல்லை. ரோட்டில் நின்று நீட்டினார், திட்டில் ஏறி நீட்டினார். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அதிகப் பணமும் குறைந்த காசும் உள்ள மனிதர் அந்த நிமிஷம் அவர்தான். "சில்லறையா இருக்காண்ணே?" என்று மாஸ்டர் கேட்டது அவரை. அவர் பார்த்தது என்னை.

நான் கொடுத்தேன். என் நம்பரைக் குறித்துக்கொண்டு, "கீழ இறங்குனதும் போட்டுர்றேன் சார்" என்றார். அவருடைய சின்ன மகள் என் இட்லியையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்று அவளுக்குப் போனது. பதிலுக்கு அவர்கள் டிக்கியிலிருந்து ஒரு கொத்து பன்னீர் திராட்சை வந்தது. அதுவும் கீழே கம்பத்தில் வாங்கியதுதான்.

சாயங்கால பஸ் தென்பழனியைத் தாண்டி இறங்கும்போது போன் சிணுங்கியது. பைசா குறையாமல் போட்டிருந்தார். சின்னமனூரில் இறங்கி இரண்டு புரோட்டா சொன்னேன். வாளியோடு வந்தவர் என் இலையைப் பார்த்துவிட்டு, "இருங்கண்ணே, கரையக் கட்டிக்கிருங்க, அப்புறம் ஊத்துறேன்" என்றார்.