விதிப்படி ஓடிய வண்டி

ஏதோ வேறு பள்ளியின் பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டோமோ என்று அந்தப் பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வண்டி ஸ்டாப்பிங்கிலேயே நின்றது. ஊர்ந்துகொண்டே பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற வண்டி அது. யு.கே.ஜி.யிலிருந்து ஓடி ஓடி ஏறியே பழகியவன், நிற்கிற வண்டியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான். யாரோ ஓர் ஆயா இறங்கிவந்து, "மெதுவா ஏறு கண்ணு" என்று கையைப் பிடித்தார். பையன் பயந்தே போனான்.

உள்ளே இன்னும் கலவரம். மூன்று பேர் சீட்டில் மூன்றே பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக அவன் மடிக்கு ஒதுக்கப்படும் எல்.கே.ஜி. குழந்தை தனக்கென்று ஓர் இடத்தில், கால் தரைக்கு எட்டாமல், ராஜாங்கமாக அமர்ந்திருந்தது. டிரைவர் அண்ணன் காக்கிச் சட்டையில் இருந்தார். காதில் போன் இல்லை. அவருடைய சார்ஜரும் வெற்றிலைப் பொட்டலமும் குடியிருக்கும் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் இருந்தன. அவசர வழியை அடைத்துப் போட்டிருந்த கூடுதல் சீட்டைக் காணோம். அந்தக் கதவு திறக்கக்கூடச் செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி நாற்பதில் போயிற்று. டிரைவர் அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று பின்சீட்டில் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை. முந்தின நாள் வேறொரு மாவட்டத்தில் ஒரு பள்ளி வேன் நொறுங்கியிருந்தது. (பையனும் பள்ளியும் கற்பனை. வண்டியும் கற்பனைதான், விதிப்படி ஓடுகிறதென்று சொன்ன பிறகு அதை யார் நிஜமென்று நம்பப் போகிறீர்கள்?) நம் ஊரில் பள்ளி வாகன விதிகள் அமலுக்கு வருவது அரசிதழில் வெளியாகும் தேதியில் அல்ல. ஒரு குழந்தை செத்த மறுநாள் அமலுக்கு வரும்; தொலைக்காட்சி அடுத்த செய்திக்குத் தாவும்வரை அமலில் இருக்கும்.

அந்த வண்டியில் இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் உயிர் கொடுத்து விலை கட்டியிருக்கிறோம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது 1997 நவம்பரில் டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளி பஸ் யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்த பிறகு, உச்ச நீதிமன்றம் தலையிட்டு வாங்கித் தந்தது. ஓட்டையில்லாத தரைக்கும் ஒரு கணக்கு உண்டு. 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் நசுங்கினாள். சமீபத்தில் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கிய வண்டி! ஒரு பிள்ளை விழுகிற அளவு ஓட்டை, சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரின் கண்ணில் மட்டும் விழவில்லை. ஊர் கொதித்தது, பஸ் எரிந்தது, உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று சிறப்பு விதிகள் வந்தன. தரையில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது.

முன்னும் பின்னும் கேமரா, பின்னால் சென்சார்? அதற்கு 2022 மார்ச் 28. சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தான் வந்த வேனிலேயே அடிபட்டுச் செத்தான். அதற்குப் பிறகுதான் விதியில் அது சேர்ந்தது. இந்த மாநிலத்தில் எல்லாச் சட்டத் திருத்தங்களையும் முன்மொழிகிறவர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் போலும்.

2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம் இன்னும் ஒருபடி மேல். ரயில்வே கேட் மூடப்படவில்லை; ரயில் வந்தது; வேனில் இருந்த மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ரத்தம் காயும் முன்பே ரயில்வே ஒரு விளக்கத்தோடு தயாராக வந்துவிட்டது: வேன் டிரைவர் வற்புறுத்தியதால்தான் கேட் திறக்கப்பட்டதாம். விசாரணையில் அது நிற்கவில்லை. கேட் கீப்பர் வேலையை இழந்தார். அங்கே சுரங்கப்பாதை கட்ட மாவட்ட நிர்வாகம் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்று ரயில்வே இன்னொரு பக்கம் கை நீட்டியது. கோப்பு இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் ஒரு வருடம் சாவகாசமாக நடக்கலாம். பிள்ளைகள்தான் எட்டரைக்கு மணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது, திருவிழா மாதிரி. கோடை விடுமுறையில், பிள்ளைகள் ஒருவர்கூட இல்லாத பஸ்களை ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பக்கத்துப் பள்ளியிடம் இரவல் வாங்கிய தீயணைப்பானோடு மஞ்சள் குளித்து நிற்கும். ஆட்சியர் ஏறிப் பார்ப்பார், அவசரக் கதவைத் தட்டுவார், அதிரடி ஆய்வு என்று மறுநாள் பேப்பரில் படம் வரும். தேதி சொல்லி, இடம் சொல்லி, வண்டியைக் குளிப்பாட்டிக் கூட்டிவரச் சொல்லி நடத்துவதற்குப் பெயர் அதிரடி.

நம் பையனின் பஸ்ஸையும் அன்று வழியில் மறித்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறினார்; பின்னாலேயே கேமரா ஏறியது. "தம்பி, தினமும் ஆயா வர்றாங்களா?" பையன் ஆயாவைப் பார்த்தான்; அவர் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. முன்சீட்டில் இருந்த பி.டி. சார் அவனைப் பார்த்தார். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண், அது பள்ளியின் கையில். "வர்றாங்க சார்." இன்ஸ்பெக்டருக்கும் நிம்மதி, பள்ளிக்கும் நிம்மதி. ஒழுக்கக் கல்விக்குத் தனிப் பாடவேளை தேவையில்லை என்பது எவ்வளவு உண்மை!

அதே நேரம் பக்கத்தில் ஓர் அரசு பஸ் கடந்து போனது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படியிலும் ஜன்னல் கம்பியிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கினார்கள். அதை மறிக்க யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை பேரை ஏற்றலாம் என்று பஸ்ஸுக்குள் எழுதியிருக்கிறது. படியில் தொங்கினால் செத்துப்போவாய் என்று எதுகையோடும் எழுதியிருக்கிறது. இன்னொரு பஸ் விடுவதைவிட எதுகைக்குச் செலவு குறைவு. விழுந்து செத்தால் பையனின் திமிர், தொங்கிப் பிழைத்தால் மாணவர்கள் ரகளை. கட்டணம் கட்டும் பிள்ளைக்கு வருடத்தில் ஒரு நாளாவது விதி கிடைக்கிறது. இலவச பாஸ் வைத்திருக்கும் பிள்ளைக்கு அறிவுரைதான் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக.

சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளியின் சுற்றறிக்கை வந்தது. மாணவர் பாதுகாப்பு ஏற்பாடுகள் மேம்படுத்தப்பட்டிருப்பதால் இந்தப் பருவம் முதல் பஸ் கட்டணம் உயர்கிறதாம். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. ஒரே ஓர் அம்மா மட்டும், "நாளைக்கும் அந்த ஆயா வருவாங்களா மேடம்?" என்று கேட்டார். அடுத்த நிமிடமே, இனி அட்மின் மட்டும்தான் பதிவிட முடியும் என்று குழு மாற்றப்பட்டது.