காத்தைக் கேட்டியா, கண்ணு?

இன்னா கண்ணு, திருவான்மியூர்ல ஃபிளாட் வாங்கிட்டியாமே? பீச்சுக்கு நாலு தெரு. சந்தோசம். ஹால் ஜன்னலுக்கு இன்னா கதவு போடறதுன்னு ஒரே ரோசனையாமே? இன்டீரியர்காரரு ஐவரியா, ஆஷ் கிரேவான்னு கேட்டாராமே? கலரைக் கேட்ட மனுசன், காத்து எந்தப் பக்கம்னு கேட்டாரா?

சித்திரை மத்தியானம் தரை கொதிக்கும். தரைக்கு மேல இருக்கற காத்து சூடாகி எழும்பும். அந்த எடத்தைப் புடிக்கக் கடல் காத்து ஓடியாரும். அதுக்குக் கரண்ட் பில்லு உண்டா? நீ இன்னா பண்றே? ரெண்டு ட்ராக் ஸ்லைடிங் கண்ணாடி போடறே. எப்புடித் தள்ளினாலும் பாதிதான் தெறக்கும். முழுத் துட்டு, அரை ஜன்னல். பலே வியாபாரம்!

மெட்ராஸ்ல பழைய பங்களா பாத்திருக்கியா? ஜன்னல் கதவு பூரா சாய்வா மரப்பட்டை. நடுவுல ஒரு குச்சி. அதைத் தூக்கினா பட்டை எல்லாம் ஒண்ணாத் தெறக்கும். காத்து உள்ள, வெயில் வெளிய. தெருவுல போறவன் கண்ணும் வெளிய. வெள்ளைக்காரன் கோட்டு போட்டுக்கினு இந்த ஊர்ல குந்தினதே அதை நம்பித்தான்.

உன் ஆளு கண்ணாடிக்கு உள்பக்கம் பிளைண்ட்ஸ்னு சொல்றாரு. வெயில் உள்ள வந்தப்புறம் மறிச்சா, சூடு எங்க போவும்? திருடனை ஹால்ல குந்த வெச்சிட்டு கேட்டைப் பூட்டற கதைதான்.

அப்பால உப்புக் காத்து. யூபிவிசி பிளாஸ்டிக் ஃபிரேம் துருப்புடிக்காது, மெய்தான். கீலும் ஸ்க்ரூவும்? ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சார்’னுவாரு. 304 கிரேடா, 316 கிரேடான்னு கேளு. 316-ல மாலிப்டினம் கலந்திருக்கும். உப்புக்கு லேசுல மசியாது. கேட்டதும் அவரு மூஞ்சியைப் பாரு, அதுவே ஒரு வேடிக்கை.

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் அடிச்சுதே, அன்னிக்கு எவனாவது ஜன்னல் கலரைப் பாத்தானா? தாழ்ப்பா தாங்குதான்னுதான் பாத்தான்.

ஒரு ஞாயித்துக்கெயமை பூரா வெறும் ஹால்ல குந்து. கெயக்கு ஜன்னல்ல காலைல வெயில் வரும். மத்தியானம் அதே வழியா காத்து வரும். ஒண்ணை மறிக்கணும், இன்னொண்ணை வுடணும். அதுக்குத்தான் பட்டைக் கதவு. கடையில லூவர்னு கேளு. முழுசாத் தெறக்கறாப்ல கீல் வெச்சுப் போடு. கொசுவலையை மறந்துடாதே.

கலரா? அதைக் கடைசியா பாத்துக்கோ. நாலு வருசத்துல உப்புக் காத்து ஐவரியையும் ஆஷ் கிரேயையும் ஒண்ணாக்கிடும்.